கடலோர ஊரில் ஏர் ரைபிள்: வீட்டிலேயே தொடங்க ஒரு வழிகாட்டி

கடலூர்க்காரர் யாரைக் கேட்டாலும் முதல் துப்பாக்கி சில்வர் பீச் பலூன் கடையில்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். வரிசையாகக் கட்டிய பலூன்கள், உப்புக் காற்றில் நிறம் மாறிப்போன ஒரு ஏர்கன், ஒவ்வொரு ரவையாகப் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர். பத்துக்கு ஆறு பலூன் உடைந்தால் வீடு வரைக்கும் அதே பேச்சு. அதற்கு மேல் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதே கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கி, டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டிருக்கிறார். அதனால் "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே" என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் வீட்டுக் கொட்டகையில் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து, குழலில் ஈயம் ஒட்டாமல் இருக்க அதன் மேல் தூள் பெயின்ட் பூசிச் சுட்டெடுத்து, சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பி என்று நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பார்கள். வீடியோ பார்த்துவிட்டு அதை இங்கே செய்யலாமா என்று கேட்பவர்கள் நிறைய. செய்யக்கூடாது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது பெரிய குற்றம், இதில் விளையாட்டே வேண்டாம். ஆனால் அவர்கள் அத்தனை பாடுபடுவது எதற்காக என்று பாருங்கள். ஒவ்வொரு குண்டும் முந்தின குண்டு மாதிரியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை ஏர் ரைபிளிலும் உண்டு, அதற்கு மருந்தும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பெல்லட்டை, அதாவது ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டைக் கழுவுவது, பிரிப்பது, எடை போடுவது, சுட்ட குண்டைப் பிடிக்கும் பெட்டி செய்வது, துரு பிடிக்காமல் பார்ப்பது, இவ்வளவுதான் நம் வீட்டுப் பட்டறை.

துப்பாக்கி வாங்கும்போது

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் துளை 4.5 மி.மீ. அளவுக்கு மேல் போகாமலும் 20 ஜூல் சக்திக்கு மேல் போகாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இதில் ஏதாவது ஒன்று கூடினாலும் உரிமம் வேண்டும். கடைக்குப் போகும்போது அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள், பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். புதுச்சேரியில் வாங்கிக் கடலூருக்கு எடுத்து வருபவர்களுக்கு அந்தப் பில் ரொம்ப முக்கியம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மது பாட்டில் தேடித்தான் பையைத் திறப்பார்கள், உள்ளே நீளமாக ஒரு துப்பாக்கி இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். பையில் பூட்டி, பில்லின் நகலோடு, பெல்லட்டைத் தனியாக வைத்து எடுத்துப் போனால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் "இது பவர் ஜாஸ்தி சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நமக்குப் பவர் வேண்டாம். ஒலிம்பிக் ரைபிளில் 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டர் சுமாரில் போகிறது, கணக்குப் போட்டால் 8 ஜூலைத் தொடாது. காகிதத்தில் ஓட்டை போட அதுவே தாராளம். சக்தி கூடக்கூட உதைப்பும் சத்தமும் கூடும், பெட்டியும் சீக்கிரம் கிழியும். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கி விலை குறைவு, ஆனால் பெல்லட் வெளியே வருவதற்குள் துப்பாக்கியே இரண்டு முறை குதிக்கும். அதைக் கட்டுக்குள் வைத்துச் சுடுவது தனிப் பயிற்சி. சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் வகை விலை கூடுதல், பழகுவது சுலபம். பக்கத்தில் ரைபிள் கிளப் இருந்தால் முதல் மூன்று மாதம் அங்கே இருப்பதையே வாங்கிச் சுட்டுப் பாருங்கள், எது உங்கள் தோளுக்கு உட்காருகிறது என்று தெரியாமல் காசைக் கொட்ட வேண்டாம்.

பறவையைச் சுடாதீர்கள். ஊசுட்டேரிப் பக்கம் போய்க் கொக்கைக் குறி பார்ப்பது வீரம் என்று நினைக்கும் பையன்களை எனக்குத் தெரியும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குச் சிறை உண்டு. அப்படிச் சுடுபவர்கள் நான்கு பேரால்தான் மற்றவர்கள் கையில் ஏர்கன் பார்த்தாலே ஊர் முகம் சுளிக்கிறது.

பத்து மீட்டர் எங்கே கிடைக்கும்

புதுச்சேரியின் தமிழர் தெருக்களில் இருக்கும் பழைய வீடுகள் இதற்கென்றே கட்டினது போல இருக்கும். திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு என்று ஒரே நேர்கோட்டில் போகும். நான் கூடத்தில் நின்று பின்கட்டுச் சுவரைப் பார்த்துச் சுடுகிறேன். நீங்கள் நிற்கும் கோட்டிலிருந்து காகிதம் வரை 10 மீட்டர், அதாவது 33 அடிக்கு ஒரு சாண் குறைவு இல்லை, மூன்று விரல்தான் குறைவு. டேப் வைத்து ஒரு முறை சரியாக அளந்து தரையில் சாயம் பூசிக்கொள்ளுங்கள். குறியின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம்.

அவ்வளவு நீளம் இல்லையா, 5 மீட்டரில் பழகுங்கள், குறித்தாளைப் பாதி அளவில் அச்சடித்தால் கண்ணுக்கு ஏறக்குறைய அதே காட்சிதான்.

பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்க வேண்டும். கதவு, ஜன்னல், வேலி, தென்னங்கீற்று இதெல்லாம் ஆகாது. சுடும் பாதைக்குள் திறக்கும் எல்லாக் கதவுக்கும் உள்பக்கம் தாழ். பின்வீட்டு அக்காவிடம் முதல் நாளே போய்ச் சொன்னேன், "அக்கா, சாயங்காலம் அரை மணி நேரம் பின்கதவைத் திறக்காதீங்க, முடிச்சதும் நானே குரல் கொடுக்கிறேன்" என்று. இன்றுவரை அந்தக் குரலைக் கேட்காமல் அவர் கதவைத் தொடுவதில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் ஒன்று கொடுங்கள். விரல் டிரிகருக்கு வருவது குறி பார்த்த பிறகுதான், குழல் எப்போதும் பெட்டியைப் பார்த்தே இருக்க வேண்டும், காலியாக இருந்தாலும்.

ஒரு சின்னப் பொருள் செய்துகொள்ளுங்கள். புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் ஆரஞ்சு நைலான் நரம்பை, குழலைவிட ஒரு முழம் கூடுதலாக நறுக்கி, சுட்டு முடித்ததும் பெல்லட் வைக்கும் வாய் வழியாக நுழைத்து முன்பக்கம் வெளியே தெரியும்படி விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆரஞ்சு தெரிந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். போட்டிகளிலும் இதே மாதிரிக் கொடி கட்டாயம்.

பெல்லட் பெட்டி

இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. என் பெட்டியின் பலகை, 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர் தோப்பில் விழுந்த பலாமரத்திலிருந்து வந்தது, அந்த மஞ்சள் இன்னும் மங்கவில்லை. உங்களுக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். ஓரடி அகலம், ஓரடி உயரம், முக்காலடி ஆழம். பின்பக்கம் உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு, வெல்டிங் பட்டறையில் துண்டாகவே கிடைக்கும். தகட்டுக்கு முன்னால் பழைய லுங்கி, வேட்டி, கிழிந்த ஜீன்ஸ், எது இருந்தாலும் மடித்து மடித்துத் திணியுங்கள். பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் முன்னமே வெட்டி எடுத்துவிடுங்கள், உலோகத்தில் பட்டால் ஈயம் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. திணிப்பு எவ்வளவு இறுக்கம் என்றால், கட்டை விரலால் அழுத்தினால் முதல் கணு வரைக்கும்கூடப் போகக்கூடாது. முன்பக்கம் அட்டைப்பெட்டி அட்டை ஒன்றை மூடி, அதன் மேல் குறித்தாளைக் கிளிப்பில் மாட்டினால் முடிந்தது.

கையால் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் துணி பற்றாது. இருநூறு முந்நூறு சுட்ட பிறகு நடுவில் குழி விழும், அப்போது துணியைத் திருப்பிப் போட வேண்டும். இதை நான் ஒரு தடவை தள்ளிப்போட்டேன். டப் என்று அமுங்கி வரும் சத்தம் ஒரு நாள் டங் என்று மாறியது, திறந்து பார்த்தால் நடுத்துணி முழுக்கப் பொடிந்து தகட்டிலேயே பட்டுக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து நூறு சுட்டால் ஒரு முறை முன்னட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன். எஃகுக் குண்டு, செம்பு பூசின குண்டு இரண்டையும் இந்தப் பெட்டியில் சுடவே கூடாது, திரும்பி வரும்.

குறித்தாளுக்குச் சாதாரண ஏ4 வேண்டாம். அதில் ஓட்டை பிய்ந்து பூப்பூவாக வரும், எந்த வளையத்தைத் தொட்டது என்று தெரியாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கனமுள்ள அட்டையில் அடியுங்கள், தட்டைத் தலை பெல்லட் கத்தரித்தது போல வட்டமாக வெட்டும். ரைபிள் குறித்தாளின் வெளிவளையம் 45.5 மி.மீ., உள்ளே ஒவ்வொரு வளையமும் 5 மி.மீ. குறைந்துகொண்டே வந்து, பத்து என்பது அரை மி.மீ. புள்ளி. அந்தப் புள்ளியைப் பெல்லட்டின் விளிம்பு தொட்டாலே பத்துதான். பெரிய போட்டிகளில் அதையும் பத்தாகப் பிரித்து 10.9 வரை எண்ணுகிறார்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் போட்டது 10.8. அச்சடித்ததும் ஸ்கேல் வைத்து வெளிவளையத்தை அளந்து பாருங்கள், பிரிண்டர் தானாகச் சுருக்கி 43, 44 என்று அடித்திருக்கும், நாமும் தெரியாமல் வருத்தப்பட்டுக்கொண்டு சுடுவோம்.

பெல்லட்டோடு உட்காருவது

எனக்கு இதில் பிடித்ததே இந்த வேலைதான். ஒரு டப்பாவில் 500 பெல்லட். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் ஒன்றோடொன்று உரசி, கறுப்புத் தூளும் சின்னச் சின்ன ஈயச் சீவலும் சேர்ந்திருக்கும். விரலால் எடுத்தால் விரல் நுனி பென்சில் தேய்த்தது மாதிரி ஆகும். அந்தத் தூள் குழலுக்குள் போய் ஒட்டினால் ஒரு குண்டு போல அடுத்த குண்டு போகாது.

கழுவும் முறை இது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இருநூறு பெல்லட், மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. குலுக்காதீர்கள், ஈயம் மெத்து, குலுக்கினால் நசுங்கும். டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றுங்கள், கேழ்வரகு களைவது போல. தண்ணீர் சாம்பல் நிறமாகும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, பழைய துண்டில் பரப்புங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் போகாது, மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். டீ வடிகட்டி, டப்பா, துண்டு எல்லாம் இதற்கென்று தனியாக, மேலே சிவப்புப் பெயின்டில் குறி போட்டு, சமையல்கட்டுப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். ஈயம் உடம்பில் சேரும் விஷம், குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். சுட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், முறுக்கு தின்னாதீர்கள். சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவிவிட்டு அப்புறம் மற்றதெல்லாம்.

காய்ந்ததும் கண்ணாடித் துண்டு. போட்டோ ஃபிரேம் கண்ணாடி ஒன்றை லேசாகச் சாய்த்து வைத்து, மேலிருந்து ஒவ்வொரு பெல்லட்டாக உருட்டுங்கள். பெல்லட்டுக்குத் தலை சின்னது, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்தது, அதனால் நேராக உருளாது, வில் மாதிரி வளைந்து ஒரு பக்கம் போகும். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் விழும். விளிம்பு நசுங்கினது மட்டும் தக்குத் தக்கென்று தட்டிக்கொண்டு வேறு பக்கம் விலகும். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பில் நகக்கண் அளவு மடிப்பு தெரியும். ஒரு டப்பாவில் இப்படிப் பத்து இருபது தேறும், அவற்றைத் தூக்கிப் போடாமல் துப்பாக்கியைச் சூடாக்க ஆரம்பத்தில் சுடுவதற்கு வைத்துக்கொள்வேன்.

எடை போடுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நகைக்கடைத் தராசு மாதிரி 0.001 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால்தான் அர்த்தம், 0.01 கிராம் தராசில் எல்லாப் பெல்லட்டும் 0.53 என்றே சொல்லும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக வைத்து, 0.528, 0.530, 0.532 என்று முட்டை அட்டையின் குழிகளில் பிரிக்கலாம். என் அபிப்பிராயம், முதல் ஒரு வருடம் இது வேண்டாம். நம் கை ஆடுவது இந்த வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. கழுவுவதும் கண்ணாடியில் உருட்டுவதும் போதும்.

தலை அளவு மட்டும் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். நல்ல டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு முனையும் தைத்து, வீடு கட்டி மிஞ்சின ஆற்று மணலைச் சலித்துக் காயவைத்து நிரப்பினால் மணல் பை. கடற்கரை மணல் வேண்டாம், எவ்வளவு காய்ந்தாலும் அதில் உப்பு இருக்கும், இரும்பு பட்ட இடம் சிவந்துவிடும். மேஜையில் பையைப் போட்டு அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, ஒவ்வொரு அளவிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள், மூன்று முறை. ஐந்து ஓட்டையும் சேர்ந்த வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து அதிலிருந்து 4.5 மி.மீ. கழித்தால் உண்மையான சிதறல். என் துப்பாக்கிக்கு 4.50 சரியாக வந்தது, நண்பருடைய அதே மாடலுக்கு 4.49.

எண்ணெய் பூசலாமா என்றால், சிலிண்டர் வகைக்குத் தேவையே இல்லை, காற்றடைக்கும் பாகத்தில் சாதாரண எண்ணெய் படவே கூடாது. ஸ்பிரிங் வகையில் தையல் மிஷின் எண்ணெயைப் பெல்லட்டில் நனைத்துப் போட்டால் உள்ளே அழுத்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும், புகையும் வெடிச் சத்தமும் வரும், சீல் போய்விடும்.

சுடாமல் சுடுவது

போட்டித் துப்பாக்கிகளில் பெல்லட் இல்லாமல், காற்று போகாமல், டிரிகர் மட்டும் விழும்படி ஒரு விசை இருக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, தினம் இருபது நிமிடம் அதை மட்டும் செய்யுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு விநாடிக்குள் டிரிகர் விழவில்லை என்றால் இறக்கிவிடுங்கள், இழுத்துப் பிடிக்கக் கூடாது. விழுந்த பிறகும் இரண்டு விநாடி அசையாமல், குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முன்முள்ளையே பாருங்கள். அது எந்தப் பக்கம் துள்ளியது என்பது அந்த இரண்டு விநாடியில்தான் தெரியும். ஸ்பிரிங் துப்பாக்கியில் இதைச் செய்யவே கூடாது, பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் நேராகப் போய் முட்டி உடையும்.

உப்புக் காற்று

நமக்கு மட்டும் உள்ள பாடம் இது. முதல் வருடம் ஐப்பசி மழையில் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் துப்பாக்கியைப் பத்திரமாக மூடி வைத்தேன். கார்த்திகையில் திறந்தபோது குழல் மேல் என் நான்கு விரலும் பதிந்த இடத்தில் அப்படியே செம்பழுப்பு ரேகை. வியர்வை உப்பு, ஸ்பாஞ்சு பிடித்து வைத்த ஈரம், இரண்டும் சேர்ந்து செய்தது. பெட்டி தூக்கிப் போகத்தான், வைத்திருக்க அல்ல. இப்போது சுட்டு முடித்ததும் தொட்ட இடமெல்லாம் துணியால் துடைத்து, எண்ணெய் பட்டும் படாமலும் இருக்கும் இன்னொரு துணியால் ஒரு முறை வழித்து, பூட்டுள்ள மர அலமாரியில் நிறுத்தி வைக்கிறேன். கீழே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கால் கிலோ. நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்கலாம், மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. குழலின் உள்பக்கத்துக்குக் கம்பி வேண்டாம், அதற்கென்று விற்கும் கம்பளிக் குண்டுகளை இரண்டு மூன்று போட்டுச் சுட்டால் அழுக்கை அதுவே தள்ளிக்கொண்டு வரும்.

பெல்லட்டையும் இந்தக் காற்று விடாது. திறந்து வைத்த டப்பாவில் சில மாதத்தில் விபூதி பூசினது போல வெள்ளை படியும். அப்படி ஆனதைத் தேய்த்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள், அந்தப் பொடி மூச்சில் போனால் கெடுதல். மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும் திறந்தால் போதும்.

பெல்லட் பெட்டிக்குள் சேரும் ஈயத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறேன். முகக்கவசம், கையுறை, கீழே ஈரச் செய்தித்தாள், வீட்டுக்கு வெளியே வைத்துத்தான். துணியை உதறக் கூடாது, மடித்து அப்படியே பையில் போட வேண்டும். நசுங்கின பெல்லட்டுகளைப் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி, ஈயம் என்று மேலே எழுதிப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுவேன். ஒரு டப்பா நிறைய இருந்தால் ஒரு கையால் தூக்க முடியாது, பைக் ஹேண்டிலில் மாட்டாமல் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுபோங்கள்.